ருபார்பா, ரோசெல்லா, கலமன்சியா: நம்ம வெயிலுக்கு எந்தப் புளிப்பு?

இங்கிலாந்தின் லீட்ஸில் படிப்பை முடித்துவிட்டுச் சிங்கப்பூர் வந்த அண்ணன் மகள், பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, "அத்தே, இங்க ருபார்ப் கிடைக்குமா? சர்பத் போடணும்" என்றாள். ருபார்ப் என்றால் சிவந்த, புளிப்பான தண்டுள்ள ஒரு செடி. அவள் இருந்த ஊரை ஒட்டித்தான் வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் வட்டாரம். குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகைக்குள் ருபார்பை வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிப்பார்களாம். குளிர் பட்டால்தான் நன்றாகத் தழைக்கும் செடி. நம் மண்ணுக்கு ஒத்துவராது. இறக்குமதிக் காய்கறி வைக்கிற பேரங்காடியில் ஒரு கட்டு வாங்கினேன். அந்தக் காசுக்குத் தேக்கா சந்தையில் இரண்டு பை காய்கறி அள்ளியிருக்கலாம்.

தண்டு மட்டும்தான் சாப்பிட. இலையில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், அது நஞ்சு. தண்டிலும் ஓரளவு இருப்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தள்ளியே இருங்கள். நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கிடைப்பது இதே குடும்பத்து வேர். அது பேதி மருந்து, சர்பத்துக்கு ஆகாது.

இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். முதல் விதத்தில் அரைக் கிலோ தண்டு, 120 கிராம் சர்க்கரை, தண்ணீர் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் கால் மணி நேரம். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். வெந்ததைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். பிழிந்தால் கலங்கிவிடும். 600 மில்லி பாகு தேறியது. நிறம் அழகு, ஆனால் மணம் வேகவைத்த ஆப்பிள் பக்கம் போய்விட்டது.

இரண்டாவது, அடுப்பே இல்லை. தண்டை மெல்லியதாக அரிந்து, சர்க்கரை தூவி, மூடி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு. காலையில் திறந்தால் துண்டுகள் சுருங்கி, அடியில் ரோஜா நிறத்தில் சாறு நின்றது. முகர்ந்தால் பச்சை மாங்காயும் ரோஜா இதழும் சேர்ந்த ஒரு வாசம். அளவு குறைவுதான், ஆனாலும் ருபார்புக்குக் காசு கொடுப்பதென்றால் இந்த வாசத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். வெளியே வைக்காதீர்கள், நம் சூட்டில் நுரைத்துவிடும்.

ரோசெல் நம் புளிச்சக்கீரை இனம். பூ உதிர்ந்தபின் தடிக்கும் சிவப்புப் புல்லிதழ்தான் பானத்துக்கு. எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே சமூகத் தோட்டத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஒரு பை கொடுப்பார். நடுவிலுள்ள விதைக்காயைத் தள்ளி எடுப்பதுதான் வேலை. காய்ந்தது ஒரு கைப்பிடி, ஒரு லிட்டர் தண்ணீர், ஐந்தே நிமிடம். மேலே கொதித்தால் துவர்க்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். நிறத்தில் ருபார்ப் இதன் பக்கத்தில் நிற்க முடியாது, செலவிலும்தான். ஆனால் மணம் கிட்டத்தட்ட இல்லை, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட வேண்டும்.

கலமன்சி என்ற குட்டி எலுமிச்சை அவசரத்துக்கு. ஆறு பழம், உப்பு, சர்க்கரை, ஐஸ், முடிந்தது. பிழிந்ததும் குடித்துவிட வேண்டும், நின்றால் கசக்கும்.

சர்க்கரைக் கணக்கையும் பாருங்கள். 2023 டிசம்பர் 30 முதல் இங்கே கடையில் கலக்கித் தரும் பானத்துக்கும் நியூட்ரி-கிரேட் உண்டு, அதாவது ஏ முதல் டி வரையான தரக்குறி. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை போனால் டி. வேகவைத்த ருபார்ப் பாகு 40 மில்லியை 200 மில்லி டம்ளராக்கினால் 100 மில்லிக்கு நாலு கிராம் சொச்சம், பி-யில் நிற்கும். ரோசெல் சர்க்கரையே இல்லாமலும் இறங்கும். அதனால் அன்றாடத்துக்கு என் ஓட்டு ரோசெல்லுக்கு.

ஆனாலும் அடுத்த மாதமும் ஒரு கட்டு ருபார்ப் வாங்குவேன். துணியில் தங்கிய சக்கையை வீச மனமில்லாமல், கடுகு, வரமிளகாய் தாளித்து, வெல்லம் போட்டுக் கிளறினேன். அசல் மாங்காய்ப் பச்சடி. சர்பத்துக்காக ஏங்கி வந்தவள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, "அத்தே, தோசை இருக்கா?" என்றாள்.