என்.வி.கியூ: கோஸுக்குப் போவதா, செய்த வேலையைக் காட்டி எடுப்பதா?

ஹட்டனுக்குக் கீழே எங்கள் தோட்டப் பக்கம் போன வருடம் வரைக்கும் நான் வெறும் வயரிங் பாஸ்தான். லயத்து வீடு, கடை, கோயில் திருவிழா லைட் என்று பதினோரு வருடம் கரண்ட் வேலை பார்த்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மின்னிணைப்பாளர் அனுமதிப்பத்திரம் என்று பேச்சு வந்தாலே என்.வி.கியூ, அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அதனால் இறங்கிவிட்டேன்.

வழி இரண்டு. ஒன்று தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, பயிலுநர் பயிற்சி கொடுக்கும் நைட்டாவிலோ சேர்ந்து படிப்பது. மற்றது ஆர்.பி.எல், அதாவது ஏற்கெனவே தெரிந்த வேலையை மதிப்பீட்டாளர் முன்னால் நிரூபிப்பது. எதில் போனாலும் சான்றிதழ் ஒன்றுதான்.

கோஸ் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, என் தம்பி போனதைப் பார்த்ததோடு சரி. சாதாரண தரம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதுதான் நல்லது, ஏன் என்ற கேள்விக்குப் பதிலோடு வேலை பழகலாம். ஆனால் குடும்பம் உள்ளவன் நாட்கூலியை விட்டுவிட்டுத் தினமும் பஸ் ஏறி வகுப்புக்குப் போவது நடக்கிற காரியமில்லை.

நான் ஆர்.பி.எல் எடுத்தேன். அதில் கஷ்டம் பரீட்சை இல்லை, ஃபைல்தான். செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள்: படம், வேலை கொடுத்தவரின் கடிதம், டெஸ்ட் அளவுகள். என் படங்கள் எல்லாம் பழைய ஃபோனோடு ஓடையில் போய்விட்டன. கடிதம் எழுதித் தர ஒரு கடைக்காரர் மட்டும் சம்மதித்தார், மற்றவர்களுக்குக் கையெழுத்து என்றாலே பயம். கடைசியில் வயர் இன்சுலேஷன் அளக்கும் மெகர் கருவியை இரவல் வாங்கி, நானே வயரிங் செய்த ஆறு வீடுகளுக்குத் திரும்பப் போய் 500 வோல்ட்டில் இன்சுலேஷன் அளந்தேன், எர்த்தும் பார்த்தேன். அங்கேதான் மானம் போனது. இரண்டு வீட்டில் எர்த் கம்பி ஒரு அடி மண்ணுக்குக் கீழே பாறையில் முட்டி வளைந்து கிடந்தது. அடித்தது நான்தான்.

மதிப்பீட்டாளரும் சரியாக அதைத்தான் பிடித்தார். "கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, எர்த் எதற்கு?" என்று கேட்டார். அந்த இரண்டு வீடும் இல்லாவிட்டால் முழித்திருப்பேன். ஹீட்டர் ஒன்றில் கரண்ட் அதன் உடம்பில் பட்டுவிட்டது, எர்த்தின் தடை 100 ஓம் என்று வையுங்கள், 230 வோல்ட்டுக்கு 2.3 அம்பியர்தான் ஓடும், 16 அம்பியர் பிரேக்கர் அசையாது. ட்ரிப் சுவிட்ச் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டரின் உடம்பெல்லாம் கரண்டாகவே நிற்கும். இது நம் பக்கத்து ஈரச் சுவருக்கும் பாறை நிலத்துக்கும் சும்மா பேச்சில்லை.

எனக்குக் கிடைத்தது மட்டம் 3. மட்டம் 4-க்கு இதே வழி எப்படி இருக்கும் என்பதை நான் போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஐந்தாறு வருட வேலை கையில் இருந்தால் ஆர்.பி.எல் போங்கள், ஆனால் விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கள். நான் இப்போது வேலை முடிந்த அன்றைக்கே தேதி, வயர் அளவு, மெகர் அளவு, எர்த் அளவு எழுதி வீட்டுக்காரரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுகிறேன். அந்த இரண்டு வீட்டுக்கும் புது எர்த் என் செலவில் போட்டாயிற்று, கொப்பியில் முதல் பக்கம் அதுதான்.