பன்னீரா, தாம்சனா?

கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாகத் திராட்சைப் பந்தல் போடுகிறவர்கள் முதலில் குழம்புவது, இந்த இரண்டு ரகங்களில் எதை நடுவது என்பதில்தான்.

மகசூல்: பன்னீர், கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) முடிந்து நான்கு மாதம் போல வெட்டுக்கு வரும், வருஷத்துக்கு இரண்டு முறை எடுக்கலாம். விதையில்லாத தாம்சனுக்கு இரண்டு கவாத்து, ஒரு மகசூல்.

செலவு: தாம்சனில் காய் பருக்க ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி வேண்டும், ஆள்கூலியும் கூடும். குச்சியின் அடிப்பக்கக் கண்கள் (மொட்டுகள்) அவ்வளவாகப் பூக்காது என்பதால் கவாத்தில் குச்சியை நீளமாக விட வேண்டும். பன்னீருக்கு இந்தப் பாடு இல்லை. பூஞ்சையால் வரும் செவட்டை நோய் மட்டும் இரண்டையும் விடாது.

தாங்குதிறன்: பன்னீர் கொத்திலிருந்து உதிரும். தூரச் சந்தைக்குத் தாங்காது.

மணம்: இங்கே போட்டியே இல்லை. பன்னீர்ப் பழத்தை விரலால் நசுக்கினாலே ரோஜா வாசம் எழும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் கம்பம் பன்னீருக்குத்தான். ஆனால் பருவம் பார்க்கணும்: வறண்ட கோடையில் பழுத்தது கறுத்து இனிக்கும், பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் நிறமும் சர்க்கரையும் குறையும், ஒயினும் வெளிறும்.

பக்கத்துச் சந்தை, ஜூஸ், ஒயின் என்றால் பன்னீர். உலர்திராட்சையும் தூரத்து வியாபாரமும் என்றால், வேலைக்கு ஆள் இருந்தால், தாம்சன்.