பெட்டியா, மரமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தே தாரே குடித்தபடி செம்பனைக் குலைக் கணக்கை ஏபிஎல் (APL) என்ற நிரல்மொழியில் போட்டுப் பார்த்தேன். தோட்டத்துக்குள் டிவிஷன், அதற்குள் பிளாக், அதற்குள் அன்றன்றைய குலை எண்ணிக்கை. அணிக்குள் (array) அணி, அவ்வளவுதான். அதைத் திரையில் எப்படிப் பார்ப்பது என்பதில்தான் வம்பு.

நான் பயன்படுத்தும் ஏபிஎல் மென்பொருளான டியாலாக்கின் (Dyalog) டிஸ்ப்ளே கட்டளை பெட்டி போட்டுக் காட்டும். மேல்கோட்டில் மட்டும் அம்பு என்றால் ஒற்றை வரிசை, இடக்கோட்டிலும் இருந்தால் மேட்ரிக்ஸ், கீழே ~ இருந்தால் எண்கள், ∊ இருந்தால் உள்ளே இன்னும் அணிகள். தகவல் ஒன்றும் விட்டுப்போகாது. ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு சட்டம் என்பதால் நாலைந்து அடுக்கு தாண்டினால் பக்கவாட்டில் விரிந்து, என் சின்ன லேப்டாப்பில் வரி மடிந்து, கோடெல்லாம் கந்தல்.

அதையே கிளை கிளையாக மரம்போல் வரைந்தால், கீழ்நோக்கித்தான் வளரும்:

தோட்டம்
├─ டிவிஷன் 1
│  ├─ பிளாக் 4: 31 28 40
│  └─ பிளாக் 5: 26
└─ டிவிஷன் 2: காலி

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணனிடம் காட்டினேன், கேள்வியே கேட்காமல் படித்தார். பெட்டியைக் காட்டியிருந்தால் ஜன்னல் கிரில்லா தம்பி என்றிருப்பார்.

ஒரே குறை, மரத்தில் வடிவம் தொலையும்: 2 வரி 3 பத்தி மேட்ரிக்ஸும் 6 உறுப்பு வரிசையும் ஒரே மாதிரி தெரியும். அப்புறம், ஏபிஎல்லின் உறவான ஜே (J) மொழியில் 5!:4 என்ற கட்டளை மரம் வரைந்து தரும், ஆனால் அது பெரும்பாலும் செயற்கூறின் (ஃபங்ஷன்) அமைப்பைப் பார்க்கத்தான், தரவுக்கு நானே ஒரு ரெகர்சிவ் (தன்னையே திரும்ப அழைக்கும்) ஃபங்ஷன் எழுத வேண்டியதாயிற்று.

மேட்ரிக்ஸ் கலந்திருந்தால் பெட்டி. ஆழம் 3 தாண்டினால் கண்ணை மூடிக்கொண்டு மரம்.