பிச்சிப்பூவுக்குத் தோதான செண்ட்

அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதல் சம்பளத்தில் செண்ட் வாங்க வேண்டுமாம். டோல்சே அண்ட் கபானாவின் லைட் ப்ளூவா, வெர்சாச்சேயின் பிரைட் கிரிஸ்டலா என்று குழம்பி, “நீங்களே சொல்லுங்க அத்தை” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். லைட் ப்ளூ என்னிடம் இருக்கிறது. மற்றதை மதினியிடம் கடன் வாங்கி, இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று என்று கத்திரி வெயிலில் ஒரு வாரம் பாளையங்கோட்டையைச் சுற்றினேன்.

லைட் ப்ளூ 2001இல் வந்தது. கலந்தவர் ஒலிவியே கிரெஸ்ப். அடித்ததும் எலுமிச்சை, பச்சை ஆப்பிள். தோலோடு நறுக்கிய ஆப்பிளின் அதே புளிப்பு. பிறகு மல்லிகை தலைகாட்டும். கடைசியில் சிடார் மரமும் கஸ்தூரியும் மெலிதாகத் தங்கும். குறை என்னவென்றால், எலுமிச்சை வாசனைக்கு ஆயுள் கம்மி. எளிதில் ஆவியாகும் பொருள் அது. சூடான தோலில் கேட்கவே வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் பஸ் ஏறும்போது இருந்த எலுமிச்சை, டவுன் வந்து இறங்கும்போது இல்லை.

பிரைட் கிரிஸ்டல் 2006இல் ஆல்பெர்டோ மொரியாஸ் கலந்தது. மாதுளையும் யூசு என்ற கிழக்காசிய எலுமிச்சையும் முதலில். அடுத்து பியோனி, மக்னோலியா, தாமரை. பியோனியை நம் பக்கம் யார் பார்த்தார்கள்? பன்னீர் ரோஜாவைத் தண்ணீரில் அலசியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்புத் திரவம், பட்டை தீட்டிய பெரிய மூடி என்று பாட்டில் அழகில் இதுதான் ஜெயிக்கிறது. என் கையில் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றதும் இதுதான்.

ஆனாலும் என் ஓட்டு லைட் ப்ளூவுக்கே. காரணம் பிச்சிப்பூ. தலையில் இரண்டு முழம் பிச்சி, பஸ்ஸில் நெரிசல், வெளியே அனல். இதற்கு நடுவே பிரைட் கிரிஸ்டலின் இனிப்பு, பாயசத்துக்கு மேல் சீனி தூவியதுபோல் திகட்டியது. லைட் ப்ளூவின் புளிப்போ பூவுக்கு இடம் கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. பூ வைக்காதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். லைட் ப்ளூ ஓ இன்டென்ஸ், பிரைட் கிரிஸ்டல் அப்சொலு என்பவை வேறு, அடர்த்தியானவை. லைட் ப்ளூ 100 மில்லி பாட்டிலிலும் பிரைட் கிரிஸ்டல் 90 மில்லி பாட்டிலிலும் வருவதால் விலையை மில்லிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். கடை ஏசியில் காகிதத்தில் முகர்ந்து முடிவெடுக்காமல், கையில் அடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெயிலில் நடந்துவிட்டு வாருங்கள்.

மதினிக்கு என் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனியில் குற்றாலத்துச் சாரல் தொடங்கிவிட்டால் அவர் சொல்வதும் சரிதான். அந்த ஈரக்காற்றில் மாதுளை வாசனை அத்தனை இதமாக இருக்கும். அதற்கென்ன, மகள் அம்மாவுடையதை எடுத்து அடித்துக்கொள்ளட்டும்.