கடினமான சுடோகு: பல வருடப் பழக்கத்தில் கையோடு தங்கிய உத்திகள்

செய்தித்தாளில் 'கடினம்' என்று போட்டு வரும் சுடோகுவுக்கும் மேலே ஒரு ரகம் இருக்கிறது. ஒரு எண்ணை வைக்க வழி கிடைக்காமல் அரை மணி நேரம் நம்மை உட்கார வைக்கும் ரகம். அதைத்தான் பல வருடங்களாகப் போட்டு வருகிறேன். எக்ஸ் விங், ஸ்வார்டுஃபிஷ், ஜெல்லிஃபிஷ், ஸ்கைஸ்கிரேப்பர், எக்ஸ்ஒய் விங், டபிள்யூ விங் என்று உத்திகளுக்குப் பெயர்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எல்லாவற்றையும் பழகிப் பார்த்த பிறகு என் முடிவு இது: தேடவேண்டியது ஒன்றுதான், ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் மிச்சமிருக்கும் வரிசைகளும் பெட்டிகளும். அதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பெயர்கள் தாமாகப் பின்னால் வரும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். கொடுத்திருக்கும் எண்கள் குறைந்தால் புதிர் கடினமாகும் என்று நினைக்கிறோம். ஒரே விடை கிடைக்க 17 எண்களாவது வேண்டும் என்று 2012-ல் டப்ளினில் கேரி மெக்குவைரின் குழு கணினியில் தேடி நிறுவியது. அந்த 17 எண் புதிர்களிலேயே நிறைய, எந்தப் பெரிய உத்தியும் கேட்காமல் முடிந்துவிடுகின்றன. பின்லாந்துக் கணிதர் ஆர்ட்டோ இன்கலா அதே 2012-ல் வெளியிட்ட புகழ்பெற்ற புதிரில் 21 எண்கள் உண்டு. ஆனால் நான் கீழே சொல்லும் உத்திகளை மட்டும் வைத்து அதை முடிக்க முடியாது. எத்தனை எண் என்பதைவிட, அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

அடுத்தது பென்சில் குறிப்பு, அதாவது ஒரு கட்டத்தில் வரக்கூடிய எண்களை (வாய்ப்புகளை) அதற்குள் சின்னதாக எழுதி வைப்பது. தாமஸ் ஸ்னைடர் (2008-ல் கோவாவில் நடந்த உலகப் போட்டி உட்பட மூன்று முறை உலக சாம்பியன்) பெயரில் ஒரு முறை வழங்குகிறது. ஒரு 3×3 பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே கட்டங்கள் மிச்சமானால் மட்டும் குறிக்க வேண்டும். வேகத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை, நான் எப்போதும் இதில்தான் தொடங்குகிறேன். ஆனால் புதிர் இறுகியதும் எல்லாக் கட்டங்களிலும் எல்லா வாய்ப்புகளையும் எழுதிவிட வேண்டும். பெரிய உத்திகளுக்கு அந்த முழுப் படம் இல்லாமல் வேலையே இல்லை. அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

சரி, உத்திக்கு வருவோம். எக்ஸ் விங் எல்லோரும் முதலில் கற்பது. 4 என்ற எண்ணுக்கு 2-ஆம் வரிசையில் 3, 8 ஆகிய நெடுவரிசைகளில் மட்டும் இடம். 7-ஆம் வரிசையிலும் அதே 3, 8. அப்படியானால் அந்த இரண்டு நெடுவரிசைகளின் 4-கள் இந்த நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மற்ற வரிசைகளில் அந்த நெடுவரிசைகளிலுள்ள 4-களை அழித்துவிடலாம். அழகான உத்தி, ஆனால் இவ்வளவு நேர்த்தியாக அமைவது அபூர்வம்.

அதைவிட எனக்கு அடிக்கடி கைகொடுப்பது ஸ்கைஸ்கிரேப்பர். கட்டங்களை (வரிசை, நெடுவரிசை) என்று எழுதுகிறேன். 6-க்கு 2-ஆம் வரிசையில் (2,3), (2,5) மட்டும். 8-ஆம் வரிசையில் (8,3), (8,6) மட்டும். ஒரு பக்கம் நேராக இருக்கிறது, மறுபக்கம் கோணலாக இருக்கிறது. 3-ஆம் நெடுவரிசையில் ஒரே ஒரு 6-தான் வரமுடியும். ஆகவே (2,3), (8,3) இரண்டும் சேர்ந்து 6 ஆக முடியாது. குறைந்தது ஒன்று விலகும், விலகிய வரிசையில் மறுமுனை 6 ஆகிவிடும். எப்படிப் போனாலும் (2,5), (8,6) இரண்டில் ஒன்றாவது 6. ஒரே வரிசை, நெடுவரிசை அல்லது பெட்டியில் இருக்கும் கட்டங்கள் ஒன்றையொன்று 'பார்க்கும்' என்போம். இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் கட்டங்களான (1,6), (3,6), (7,5), (9,5) ஆகியவற்றில் 6 இருந்தால் அழிக்கலாம். சற்றுக் கோணலாகப் போன எக்ஸ் விங் என்று நினைத்துத் தேடுங்கள், நிறையக் கிடைக்கும்.

எக்ஸ் விங்கையே மூன்று வரிசைக்கு நீட்டினால் ஸ்வார்டுஃபிஷ், நான்குக்கு நீட்டினால் ஜெல்லிஃபிஷ். இந்த வகையை மீன்கள் என்பார்கள். ஸ்வார்டுஃபிஷை நான் தேடுவதை விட்டுவிட்டேன். மூன்று வரிசைகளை ஒரே நேரத்தில் மனதில் வைக்க வேண்டும். அதற்குள் வேறு வழி தென்பட்டுவிடுகிறது. ஐந்து வரிசை மீன் தேவையே இல்லை. ஐந்து வரிசையில் ஒன்று இருந்தால், நெடுவரிசைப் பக்கம் நான்கோ அதற்குக் குறைவோ கொண்ட இன்னொரு மீன் அதே வேலையைச் செய்துவிடும்.

எக்ஸ்ஒய் விங் மட்டும் இன்றைக்கும் சலிக்கவில்லை. (1,1)-ல் 2, 5 மட்டுமே வரலாம். (1,7)-ல் 2, 8 மட்டும். (3,2)-ல் 5, 8 மட்டும். நடுக்கட்டம் (1,1) 2 ஆனால் (1,7) 8 ஆகும். 5 ஆனால் (3,2) 8 ஆகும். எனவே இரண்டையும் பார்க்கும் (1,2), (1,3), (3,7), (3,8), (3,9) கட்டங்களில் 8 கிடையாது.

ஸ்கைஸ்கிரேப்பரையும் எக்ஸ்ஒய் விங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 'இது இல்லையென்றால் அது' என்ற பிடிப்பும், 'இது என்றால் அது இல்லை' என்ற விலக்கும் மாறி மாறி வருகின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் பிடிப்பு இருந்து, இரு முனைகளிலும் ஒரே எண் இருந்தால், இரண்டில் ஒன்றாவது உண்மை. இதுதான் சங்கிலி. எக்ஸ்ஒய் விங்கில் ஒவ்வொரு கட்டமும் இரண்டே வாய்ப்பு கொண்ட பிடிப்பு. ஸ்கைஸ்கிரேப்பரில் ஒவ்வொரு வரிசையும் இரண்டே இடம் கொண்ட பிடிப்பு. இரண்டையும் கலந்து நீட்டிக்கொண்டே போகலாம். இது எனக்குப் பிடிபட்ட பிறகு, பெயர்களை மனப்பாடம் செய்வதை நிறுத்தினேன். புதிரும் உண்மையில் அப்போதுதான் இனித்தது.

யுனிக் ரெக்டாங்கிள் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, நான்கு கட்டம். மூன்றில் 3, 7 மட்டும், நான்காவதில் 3, 7, 9. அதிலும் 3, 7 மட்டும் என்றால் எண்களை இடம் மாற்றி இரண்டு விடை வந்துவிடும். ஆகவே அங்கே 9. நான்கு கட்டங்களும் இரண்டே பெட்டிகளுக்குள் இருந்தால்தான் இது செல்லும். நான்கு பெட்டிகளில் சிதறியிருந்தால் செல்லாது. விடை ஒன்றுதான் என்று முன்கூட்டியே நம்புவதை சிலர் ஏற்பதில்லை. நம்பகமான இடத்திலிருந்து வந்த புதிர் என்றால் நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஊகித்து எண்ணை வைத்துப் பார்ப்பதை மட்டும் செய்வதில்லை. அப்படிச் செய்தால் புதிர் முடியும், ஏன் முடிந்தது என்பது தெரியாது.

பயிற்சிக்கு ஹோடோகு என்ற இலவச மென்பொருளைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பெர்ன்ஹார்ட் ஹோபிகர் எழுதியது. தோற்றம் பழையதுதான், கணினியில் ஜாவா வேண்டும். ஆனால் ஒரே ஓர் எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்தால் அதன் வாய்ப்புகள் எல்லாம் தனியாக ஒளிரும். ஸ்கைஸ்கிரேப்பர் வேண்டும் என்றால் அது வரும் புதிராகவே தேடித் தரும். சிக்கிக்கொண்டால் அடுத்த அடி என்ன, ஏன் என்று படத்தோடு சொல்லும். அதில் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணாகத் தட்டி, இரண்டே இடம் உள்ள வரிசைகளை மட்டும் முதலில் கண்ணால் எண்ணிப் பாருங்கள். அப்புறம் காகிதத்துக்கு மாறுங்கள். செய்தித்தாளின் சின்னக் கட்டத்தில் முழுக் குறிப்பு அடங்காது. பெரிதாக வரைந்து, எண்ணுக்கு எண் இடம் மாறாமல், 1 எப்போதும் மேல் இடது மூலை, 9 கீழ் வலது மூலை என்று எழுதுங்கள். ஓர் எண்ணை மட்டும் தேடும்போது கண் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டு போனால் போதும்.