நாள் முழுக்க சார்ஜ் நிற்கும் வேப் எது? பேட்டரிக்கு முன் காயிலைப் பாருங்கள்

பிரிட்டனில் சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மாறுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எதுங்க சார்ஜ் அதிக நேரம் நிற்கும்?" என்பதைத்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வேப்புகளை விற்க 2025 ஜூன் 1 முதல் தடை வந்துவிட்டதால், சார்ஜ் போடும் கவலையே இல்லாமல் இருந்தவர்களும் இப்போது இதே கேள்வியோடு வருகிறார்கள். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி எம்ஏஎச் (mAh, பேட்டரியின் கொள்ளளவு) எண்ணைக் காட்டுவார். 1000 இருக்கிறது, 1300 இருக்கிறது, பெரியதை எடுங்கள் என்பார். அந்த எண் பாதி விடைதான். மீதி பாதி, மேலே மாட்டும் பாட்டின் ஓம் எண்ணில் இருக்கிறது. பாட் (pod) என்பது லிக்விடும் அதைச் சூடாக்கும் காயில் என்ற கம்பிச் சுருளும் உள்ள குட்டிக் கூடு. ஓம் என்பது அந்தக் காயிலின் மின்தடை; அது கூடினால் காயில் இழுக்கும் வாட் குறையும்.

இது ஏற்கெனவே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த, 18 வயது தாண்டியவர்களுக்கான மதிப்பீடு. புகைப் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். நிகோடின் எந்த உருவத்தில் உள்ளே போனாலும் ஆளை விடாது.

கணக்கு எளிதுதான். எம்ஏஎச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். 1000 எம்ஏஎச் பேட்டரியில் 3.7 வாட்-அவர். அதாவது 1 வாட்டில் 13,320 விநாடி ஓடும். சர்க்யூட்டில் வீணாவது, பேட்டரியை அடிவரை வடிக்க விடாமல் சாதனமே நிறுத்திக்கொள்வது, இவற்றுக்காக 15 சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 11,300. இதைக் காயில் இழுக்கும் வாட்டால் வகுத்தால் மொத்தம் எத்தனை விநாடி இழுக்கலாம் என்று தெரிந்துவிடும். ஓர் இழுப்பு 3 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இரண்டு சாதனங்களில் போட்டுப் பார்க்கலாம். வேப்பொரெஸோ எக்ஸ்ரோஸ் 4-இல் இருப்பது 1000 எம்ஏஎச். 0.8 ஓம் பாட் மாட்டி 16 வாட் அளவில் ஓட்டினால் 235 இழுப்பு வரும். அதே சாதனத்தில் 1.2 ஓம் பாட் மாட்டி 11 வாட் அளவில் ஓட்டினால் 340-ஐத் தாண்டும். ஆக்ஸ்வா எக்ஸ்லிம் ப்ரோ 2-இல் 1300 எம்ஏஎச் இருக்கிறது. அதை 16 வாட்டில் ஓட்டினால் 306-தான். பேட்டரியில் 300 கூடுதலாக இருந்தும், சின்ன பேட்டரியில் 1.2 ஓம் போட்டவரைவிட முன்னாலேயே சார்ஜ் தேட வேண்டியிருக்கும். ஆகவே புதுச் சாதனம் வாங்கக் கிளம்பும் முன், கையில் இருப்பதற்கே ஓம் கூடிய பாட் கிடைக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரோஸ் வரிசையிலும் எக்ஸ்லிம் வரிசையிலும் கிடைக்கிறது. செலவு ஒரு பாட்டின் விலையோடு முடிந்துவிடும்.

ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடித்தவர் 200 முதல் 250 இழுப்பு வரை இழுத்திருப்பார். அவருக்கு 1000 எம்ஏஎச், 0.8 ஓம் என்ற கூட்டு சாதனம் புதிதாக இருக்கும்வரை மட்டும் ராத்திரி வரை தாங்கும். தினமும் முழுதாக வடித்து முழுதாக ஏற்றினால் 300 முதல் 500 சுற்றுக்குள் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு வருடம் ஆனால் சாயங்காலமே விளக்கு சிவப்பாகிறது என்ற புகார் வருவது இதனால்தான். சாதனம் கெட்டுப்போகவில்லை, பேட்டரிக்கு வயதாகியிருக்கிறது. உள்ளேயே வைத்து மூடிய பேட்டரி என்பதால் மாற்றவும் வழியில்லை. வாங்கும்போதே தேவைக்கு மேல் 40, 50 சதவீதம் கூடுதலாகப் பார்த்து வாங்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நிகோடின் அளவும் சார்ஜில் கைவைக்கும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 20 மி.கி. நிகோடின் சால்ட் லிக்விட் பயன்படுத்துகிறவருக்கு நாலைந்து இழுப்பில் வேட்கை அடங்கும். அவரே 6 மி.கி. லிக்விடுக்கு இறங்கினால் உடம்பு அதே அளவைக் கேட்டு அடிக்கடி இழுக்க வைக்கும். பேட்டரியும் லிக்விடும் சேர்ந்து கரையும். பிரிட்டனில் மில்லி லிட்டருக்கு 20 மி.கி.தான் சட்ட உச்சவரம்பு. புதிதாக மாறிய அதிகப் புகைப்பாளர் அந்த அளவில் 1.2 ஓம் பாட்டோடு தொடங்கிப் பிறகு படிப்படியாக இறங்குவதே சரி. லிக்விட் 50:50 கலவையாக, அதாவது கெட்டியான விஜியும் (வெஜிடபிள் கிளிசரின்) நீர்த்த பிஜியும் (புரோப்பிலீன் கிளைக்கால்) பாதிப் பாதியாக, இருக்கட்டும். 70 சதவீதம் விஜி உள்ள கெட்டியான லிக்விடை 1.2 ஓம் பாட்டில் ஊற்றினால் பஞ்சு உறிஞ்சும் வேகம் போதாமல் கருகல் வாடை அடிக்கும். புது பாட்டுக்குள் லிக்விட் ஊற்றியதும் பத்து நிமிடமாவது ஊறவிட்ட பிறகே இழுக்க வேண்டும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்று விரும்புகிறவர்கள் பாட் வகையை மறந்துவிட்டு, பேட்டரி செல்லைக் கழற்றி மாட்டும் வகைக்கு வர வேண்டும். கீக்வேப் ஈஜிஸ் சோலோ 2 இந்த வகையில் நல்ல தேர்வு. ஒரே ஒரு 18650 செல், அதாவது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளை. உச்சம் 100 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இதன் மேல் ஆஸ்பயர் நாட்டிலஸ் டாங்க்கை (லிக்விட் ஊற்றும் மேல்பகுதியை) 1.8 ஓம் காயிலோடு திருகி 12 வாட்டில் வைத்தால், 3000 எம்ஏஎச் சாம்சங் 30க்யூ செல் ஒன்றில் 900 இழுப்பு கிடைக்கும். மேலே சொன்ன 20 சிகரெட் ஆளுக்கு மூன்றரை நாள். செல் கிழடானால் செல்லை மட்டும் மாற்றலாம். முழுதாக ஏற்றிய இன்னொரு செல்லைப் பையில் வைத்திருந்தால் பிளக் தேடி அலைய வேண்டாம். இன்னும் வேண்டுமென்றால் ஈஜிஸ் மேக்ஸ் 2-இல் 21700 செல் போகும். 4200 எம்ஏஎச் மோலிசெல் பி42ஏ போட்டால் அதே 12 வாட்டில் 1,250-ஐத் தாண்டும். ஆனால் கை நிறைய இருக்கும், சட்டைப் பையில் தொங்கும். எடை பிடிக்காதவர்கள் சோலோ 2-ஓடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரட்டை செல் சாதனங்களை "நீண்ட பேட்டரி" என்று சொல்லி விற்பதில் எச்சரிக்கை வேண்டும். ஈஜிஸ் லெஜண்ட் 2 உறுதியான கட்டமைப்பு, தண்ணீருக்கும் தூசிக்கும் ஐபி68 தரம், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 0.2 ஓம் காயில் மாட்டி 60 வாட்டில் நேரடியாக நுரையீரலுக்கு இழுப்பவர்கள். இரண்டு மோலிசெல் பி28ஏ போட்டாலும் 60 வாட்டில், 4 விநாடி இழுப்புக்குக் கணக்கிட்டால் 264 இழுப்புதான் வரும். 16 வாட்டில் ஓடும் சின்ன பாட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு தருகிறது. பெரிய புகை வேண்டுமென்றால் இதை வாங்குங்கள், சார்ஜ் நிற்க வேண்டும் என்பதற்காக வாங்காதீர்கள்.

இனி செல் வாங்குவது. இங்கே கோட்டைவிட்டால் போவது காசு மட்டுமல்ல. இணையச் சந்தைகளில் 18650 செல் "9900 எம்ஏஎச்" என்று ஒட்டி விற்கப்படுகிறது. அந்த அளவு உருளையில் நல்ல கம்பெனிகளின் செல்களே பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச்சோடு நின்றுவிடுகின்றன. 9900 என்று பார்த்தாலே போலி என்று முடிவுசெய்து நகருங்கள். இரண்டாவது, எம்ஏஎச் கூடிய செல் எல்லாம் வேப்புக்கு ஆகாது. தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் பாதுகாப்பு எண். சாம்சங் 50இ என்ற 21700 செல்லில் 4900 எம்ஏஎச் இருக்கிறது, ஆனால் 10 ஆம்பியர் தொடுவதற்குள் அதன் எல்லை வந்துவிடும். 30க்யூ 15 ஆம்பியர். பி28ஏ 25 ஆம்பியர், கொள்ளளவு 2800 மட்டும்.

எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதற்கு வாட்டை 3.2-ஆல் வகுத்து, வந்ததை 0.9-ஆல் வகுங்கள். 3.2 என்பது செல் வடிந்த நிலையில் இருக்கும் வோல்ட். சாதனம் அப்போதும் அதே வாட்டைத் தர முயல்வதால் அந்த நேரத்தில்தான் அதிக ஆம்பியர் இழுக்கும். 12 வாட்டுக்கு 4 ஆம்பியர் சொச்சம், மேலே சொன்ன செல்கள் எல்லாமே தாங்கும். 40 வாட்டுக்கு ஏறக்குறைய 14, அதனால் 30க்யூ அங்கேயே விளிம்பில் நிற்கிறது. ஒற்றைச் செல்லில் 80 வாட் வைத்தால் 28 ஆம்பியர் கேட்கும். 25 ஆம்பியர் பி28ஏவுக்கே அது அதிகம். பெட்டியில் 100 வாட் என்று போட்டிருக்கிறது என்பதற்காக அதுவரை ஏற்றாதீர்கள் என்பது இதனால்தான்.

செல்லின் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை நகத்தால் தடவிப் பாருங்கள். மேல்முனையில், பாசிட்டிவ் குமிழைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தின் விளிம்பில்தான் முதலில் கிழியும். செல்லின் உலோக உடம்பு முழுவதும் நெகட்டிவ். அந்த இடத்தில் உறை கிழிந்து உலோகம் தெரிந்தால், பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே ஒரு மில்லி மீட்டர் இடைவெளிதான் மிச்சம். சின்னக் கிழிசல் என்று விடாமல் அன்றே உறை மாற்றுங்கள், அல்லது செல்லைக் கழித்துவிடுங்கள். மாற்று உறையை வேப் கடைகளில் வாங்கலாம், ஹேர் டிரையர் காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். உதிரிச் செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போடவே கூடாது. வேப் பேட்டரி வெடித்தது என்று வரும் செய்திகளில் பல இப்படிப் பாக்கெட்டில் ஷார்ட் ஆனவைதான். பிளாஸ்டிக் செல் பெட்டிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரட்டைச் செல் சாதனமானால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே சார்ஜ் போடுங்கள். புதுசையும் பழசையும் கலந்தால் பழசு முதலில் வடிந்து சூடாகும்.

சார்ஜ் ஏறவில்லை என்று திருப்பிக் கொண்டுவரப்படும் பாட் சாதனங்களில் ஒரு பகுதி கெடவே இல்லை. பல சாதனங்களில் டைப்-சி துளை இருந்தாலும், இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் ஏறாது. சார்ஜரோடு பேசிக்கொள்ள வேண்டிய சின்ன ரெசிஸ்டர்கள் உள்ளே வைக்கப்பட்டிருக்காது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளில் போட்டால் உடனே ஏறும். பெட்டியில் வரும் குட்டி கேபிளைத் தொலைக்காதீர்கள். கையேட்டில் 5 வோல்ட் 1 ஆம்பியர் என்றிருந்தால் அந்த அளவு அடாப்டரே போதும். செல் கழற்றும் வகைக்கு எக்ஸ்டார், நைட்கோர் போன்ற தனி சார்ஜர் நல்லது. 0.5 முதல் 1 ஆம்பியரில் மெதுவாக ஏற்றினால் செல் சூடாகாமல் நீண்ட நாள் வரும். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் ஏற்றிவிட்டுப் போகாதீர்கள்.

ராத்திரி பாதி இருந்த சார்ஜ் காலையில் காலியா? பாட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். ஆவி குளிர்ந்து சொட்டாகித் தங்கியிருக்கும். அது காற்றை உணரும் சென்சாருக்குள் இறங்கினால் யாரும் இழுக்காமலே காயில் எரியத் தொடங்கும். கையில் எடுக்கும்போது சாதனம் காரணமில்லாமல் சூடாக இருந்தால் இதுதான் அறிகுறி. பாட்டைக் கழற்றி வைத்து, உலர்ந்த டிஷ்யூவை முறுக்கி இரண்டு தங்க நிறப் புள்ளிகளையும் நடுத்துளையையும் துடைத்துச் சில மணி நேரம் காயவிடுங்கள். வாரம் இருமுறை துடைத்தாலே இந்தத் தொல்லை வராது. பட்டன் உள்ள சாதனங்களைப் பைக்குள் போடும் முன் ஐந்து முறை அழுத்தி அணைத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் சார்ஜ் சட்டென்று இறங்குவது இயல்பு. வெளிக்கோட்டில் வைக்காமல் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்தால் தேறும். குளிர்ந்துபோனதை வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகே சார்ஜில் போட வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்திருக்கிறது. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பினால் சாதனத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, நிகோடின் சூயிங்கம் அல்லது பேட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். தடையில்லாத நாட்டுக்குப் போவதானாலும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. விமானத்தில் சார்ஜ் போடவும் கூடாது.

ஒரு மாதம் வீட்டில் கிடக்கப்போகும் செல்லை முழுதாக ஏற்றியும் வைக்காதீர்கள், வடியவிட்டும் வைக்காதீர்கள். 3.6, 3.7 வோல்ட் அளவில், அதாவது ஏறக்குறைய பாதியில் நிறுத்தி, சாதனத்திலிருந்து கழற்றிப் பெட்டியில் போட்டு, வெயிலும் ரேடியேட்டரும் படாத இடத்தில் வையுங்கள். பாட் வகையானால் பாட்டைக் கழற்றித் தனியே வைத்தால் போதும். ஆயுள் முடிந்த சாதனத்தையும் செல்லையும் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவை. புதிது வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு எடுத்துப் போங்கள். செல்லானால் இரு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுங்கள்.