சங்க அலுவலகத்தில் "நம்ம ஆள்" இருக்கிறார் என்று நம்பி 38,000 விட்டேன்

நேற்று மாலைதான் விஷயம் உறுதியானது. ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை. பிசியோதெரபிஸ்டுகளுக்கான ஒரு தொழில்முறைச் சங்கம், அவ்வளவுதான். இழந்தது 38,000. யாரும் இதில் மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் தனியாக கிளினிக் நடத்துகிறவள். மூன்று வருடமாக ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர். தொழில் பொறுப்புக் காப்பீட்டுக்காக ஒருமுறை உறுப்பினர் சான்றுக் கடிதம் தேவைப்பட்டது. செயலாளருக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. அலுவலக எண்ணுக்கு அழைத்தபோது எடுத்தவர்தான் இந்த ஊழியர். "நாளைக்குள்ள வந்துடும் மேடம்" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடிதம் வந்துவிட்டது. அப்புறம் முகவரி மாற்றம், அடையாள அட்டை என்று எதற்கு அழைத்தாலும் உறுப்பினர் எண்ணை நான் சொல்வதற்கு முன்பே அவரே சொல்வார். ஆறு மாதத்தில் மேடம் அக்காவாகிவிட்டது, நானும் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

சங்கங்களில் இது சகஜம்தான். நிர்வாகிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள், பாதிப் பேர் தங்கள் வேலையில் மூழ்கியிருப்பார்கள். பீரோ சாவியிலிருந்து உறுப்பினர் பட்டியல் வரை சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் கையில்தான் இருக்கும். நமக்குச் சங்கம் என்றாலே அவர் குரல்தான்.

போன மாதம் அவரே அழைத்தார். "அக்கா, ஆயுள் சந்தா ஏறப்போகுது. பழைய கட்டணத்திலேயே போட்டு வைக்கட்டுமா? மாநாட்டுக்கும் சேர்த்துப் பதிவு பண்ணிட்டா முன்பதிவுச் சலுகை கிடைக்கும்." ஆயுள் சந்தா 22,000, மாநாடு 9,500, அதற்கு முந்தின நாள் பயிற்சிப் பட்டறை 6,500. மொத்தம் 38,000. அனுப்ப வேண்டியது அவருடைய சொந்தக் கணக்குக்கு. ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். "தேர்தல் முடிஞ்சு புது நிர்வாகிங்க வந்திருக்காங்கல்ல அக்கா, வங்கியில கையெழுத்து மாத்திட்டு இருக்கோம். சங்கக் கணக்குல போட்டா நின்னுடும். எனக்குப் போடுங்க, பொருளாளர்கிட்ட கொடுத்து ரசீது வாங்கி அனுப்புறேன்."

எவ்வளவு கச்சிதமான பொய் பாருங்கள். தேர்தல் நடந்தது உண்மை, கையெழுத்து மாற்றமும் உண்மை. ஆனால் கையெழுத்து மாறும்போது கணக்கிலிருந்து பணம் எடுப்பதுதான் தாமதமாகும், உள்ளே போடுவதற்கு ஒரு தடையும் கிடையாது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு, ஒரு நோயாளியின் தோள்பட்டையில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக 38,000 அனுப்பிவிட்டேன்.

ரசீதும் வந்தது, சாட்சாத் சங்கத்தின் ரசீதுதான். அச்சடித்த எண், சற்றுச் சாய்ந்து விழுந்த முத்திரை, பொருளாளர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து பழைய பொருளாளருடையது என்பதை நான் கவனிக்கவில்லை. பதவி முடிந்து போனவர் முன்கூட்டியே போட்டு வைத்த கையெழுத்தாம்.

மாநாட்டுப் பட்டியலில் என் பெயர் இல்லாததைப் பார்த்து அழைத்தேன். "விட்டுப்போயிருக்கும் அக்கா, சேர்த்துடுறேன்." அடுத்த வாரம் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அலுவலக எண்ணில் வேறொரு குரல், "அவர் லீவுங்க." இன்னொரு நாள், "அவர் நின்னுட்டாரே." நேரே போய் நின்றேன். புதுப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். என் எண்ணுள்ள அடிக்கட்டையில் குறுக்காக ஒரு கோடு, மேலே "ரத்து". ரத்து செய்த ரசீது என்றால் அசலும் அடிக்கட்டையோடு பின் குத்தியிருக்க வேண்டும். அசல் என் கைப்பையில் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிகிறது. செயலாளர், "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல்" என்றார். சங்கத்தின் ரசீது, சங்கத்தின் முத்திரை, சங்கத்தின் ஊழியர், பணம் மட்டும் தனிப்பட்டதாம்! தலைவர், "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். செயற்குழுவில் வைக்கிறோம் என்றார்கள், செயற்குழு எப்போது கூடும் என்று சொல்லவில்லை. வங்கியில், நானே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்பதால் திரும்ப வாங்குவது சிரமம் என்றுவிட்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் முயன்றிருக்கலாமாம். முதல் நாள் எனக்கு அவன் தம்பி அல்லவா! காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 38,000. என் கிளினிக்குக்கு ஒரு சிகிச்சைக் கட்டில் வாங்க எடுத்து வைத்திருந்தது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சங்கத்துக்குக் கட்டும் பணம் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும், எவ்வளவு பழகியவர் கேட்டாலும். ரசீது வந்ததும் இப்போதைய பொருளாளருக்கு அந்த எண்ணைச் சொல்லி, கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ஸ்அப் அரட்டைகளை அழிக்காதீர்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஒன்று முக்கியம். சங்க அறிவிப்புகள் எல்லாம் இத்தனை நாளும் அவனுடைய சொந்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. அந்த எண் இனி சங்கத்துடையது இல்லை என்று உறுப்பினர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. இன்று காலைகூட அதிலிருந்து வந்திருக்கிறது, "முன்பதிவுச் சலுகைக்கு நாளை கடைசி நாள்" என்று. கட்டிவிடாதீர்கள்.